எளிமையும் இன்மையும்

"அந்தக் காலத்தில் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார்கள்!" என்னும் பேச்சைத் தோட்டத்திலும் கேட்கிறோம், பட்டணத்திலும் கேட்கிறோம். மின்விளக்கு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கையில் ஏந்தும் தொலைபேசி இல்லை. இருந்தும் மக்கள் உடல்நலத்தோடும் ஒற்றுமையோடும் உழுதுண்டு வாழ்ந்தார்கள், இயந்திரம் வந்த பின்னரே எல்லாம் கெட்டது என்பது இப்பேச்சின் சாரம். இதில் உண்மை சிறிதும் இல்லையென்று நாம் கூற வரவில்லை. ஆயினும் எளிமை வேறு, இன்மை வேறு. தன்னிடம் உள்ளது போதுமென்று ஒருவன் தானே அமைவது எளிமை. அவனிடம் உள்ளதைப் பிறர் பறித்துக்கொண்டு, "இதுவே உனக்குப் போதும்" என்று சொல்வது இன்மை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் விளக்கு மங்கலாகத்தான் எரியும். இரண்டிலும் சோறு குறைவாகத்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? வரலாற்றைக் கேட்டால் அது விடை கூறும்.

அவ்வரலாற்றுக்குத் தொலைவில் போக வேண்டுவதில்லை. ஜொகூர் மாநிலத்தில் கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த செனாய் போதும். 1974-ஆம் ஆண்டு முதல் அங்கே வானூர்தி நிலையம் இருக்கிறது. நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் சூழ்ந்திருக்கின்றன. வானூர்தியிலிருந்து இறங்குபவர், இந்த மண்ணில் மனிதர் இயந்திரமின்றிக் கைவலிமை ஒன்றையே நம்பிப் பன்முறை பயிரிட்டனர் என்பதை எண்ணுவதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் வாழ்வு எளியதாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவ்வெளிமையின் பயனை அடைந்தவர் வேறொருவராக இருந்தார்.

முதலில் வந்தவர் சீன உழவர். தெமெங்கோங் இப்ராகிம் ஜொகூரை ஆண்ட காலத்தில், 1844-ஆம் ஆண்டு தொடங்கி, ஆற்றோரக் காடுகளைத் திருத்திப் பயிர்செய்யும் உரிமை 'சுரத் சுங்கை' என்னும் ஆற்றுப்பத்திரங்களின் வாயிலாகச் சீனத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. செனாய்ப் பகுதியின் நீர் வடிந்து சேரும் ஸ்கூடாய் ஆறும் அவ்வாறு திறக்கப்பட்ட ஆறுகளுள் ஒன்று. பத்திரம் பெற்ற தலைவனுக்குக் 'கங்சூ' என்று பெயர். அவன் அமைத்த ஆற்றுத்துறைக் குடியிருப்புக்குக் 'கங்கார்' என்று பெயர். ஜொகூரில் இன்றும் கங்கார் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இருத்தல் காண்க.

அங்கே பயிரானவை மிளகும் கத்தைக்காம்பும். நம்மவர் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் அதே கத்தைக்காம்புதான். ஆனால் ஜொகூரில் விளைந்ததெல்லாம் வாய்க்குப் போகவில்லை. தோல் பதனிடுவதற்கென்று பெரும்பகுதி சிங்கப்பூர் வழியாக மேல்நாட்டுக்குக் கப்பலேறிற்று. செடியின் தழையைக் கிள்ளி வந்து, பெரிய இரும்புக் கொப்பரையிலிட்டு, நாள் முழுவதும் கொதிக்க வைத்து, சாற்றை வற்றவைத்து, கட்டியானபின் துண்டு துண்டாக அறுத்து உலர்த்த வேண்டும். எஞ்சிய சக்கைத் தழை மிளகுக்கொடிக்கு உரமாயிற்று. கோடரி, மண்வெட்டி, கொப்பரை, கத்தி ஆகிய இவையே அவர்தம் கருவிகள். இவ்வளவு சிக்கனமான வேளாண்மை வேறுண்டோ என்று வியக்கத் தோன்றும்.

வியப்பதற்கு முன் கணக்கையும் பார்க்க வேண்டும். கொப்பரை ஓயாது எரிவதற்குக் காடு அழிந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சாரமிழந்து, விறகும் தீர்ந்து, உழவர் வேறு காடு தேடிப் போயினர். அவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களின்றித் தனியே வந்த ஆடவர். அவர்கள் உண்ணும் அரிசி கங்சூவின் கடையில் கடனுக்கு வந்தது. கங்காரில் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை, பன்றியிறைச்சி ஆகிய யாவும் அவனது தனியுரிமை. பகலில் உழைத்து ஈட்டியது இரவில் அவன் கடைக்கே திரும்பிற்று. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்னும் நம் பழமொழியை அந்தச் சீன உழவன் அறியான். அதன் பொருளை அவனைவிட நன்கறிந்தவர் இல்லை. இம்முறை 1917-ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கருவி எளியதாயிருந்தால் வாழ்வு உரிமையுடையதாகிவிடும் என்பார்க்கு இஃது ஒரு மறுப்பு.

அடுத்து வந்தது ரப்பர். 1909-இல் ஜொகூர் வழியாக இருப்புப்பாதை நிறைவுற்றது. தொடர்ந்து தென் ஜொகூரின் பழைய காம்புக் காடுகளும் புதுக்காடுகளும் ரப்பர்த் தோட்டங்களாயின. கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த நம்மவர் லயத்து அறைகளில் அமர்ந்தனர். தமிழ்நாட்டில் இவர்களிற் பெரும்பாலோர் உழவுத்தொழிலாளர். நெல்லும் கேழ்வரகும் அறிந்தவர். இங்கே அவர்கள் கையில் வந்தது பால்வெட்டும் கத்தியும் வாளியும். உண்ணும் அரிசியோ பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல்கடந்து வந்ததாகும். உழவர்குடியில் பிறந்தவர் உழவில்லாத நாட்டில், பிறர் உழுத சோற்றை உண்டு, பிறர் ஊர்திக்குச் சக்கரத்தோல் செய்யப் பால் இறக்கிக் கொடுத்தனர்.

நிலம் வேண்டுமென்ற நினைவு அரசாங்கத்தாருக்கு எழவில்லை என்று சொல்ல முடியாது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடிருக்கும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ ஒதுக்கப்பட வேண்டுமென்றது. அஃதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி. அதில் கத்தரியும் முருங்கையும் வைக்கலாம். குடும்பத்தின் பசியை வைக்க முடியாது. அத்துண்டும் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை போன அன்றே அதுவும் போகும். 1930-க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது இது விளங்கிற்று. இலட்சத்துக்கு மேற்பட்ட நம் மக்கள் சில ஆண்டுகளுக்குள் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். ஊன்றி நிற்பதற்கு ஒரு காணி இருந்திருந்தால் அவர்களை அவ்வாறு மூட்டை கட்டி அனுப்ப இயன்றிருக்குமா?

இனி நாம் சொல்லப்போவது, இந்நாட்டில் நவீனப் பொருளெல்லாம் ஒருங்கே நின்றுபோன மூன்றரை ஆண்டுகளின் கதை. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 31-இல் ஆங்கிலப் படை ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, அதனை உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒடுங்கியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. அன்று தொடங்கி அரிசிக் கப்பல் அரிதாயிற்று. ரப்பரை வாங்குவார் இல்லை. துணி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சவர்க்காரம், மருந்து ஆகிய யாவும் கடையை விட்டு மறைந்தன.

தோட்ட மக்கள் அப்போது செய்தவற்றை இன்று கேட்டால் கைத்திறன் என்று போற்றத் தோன்றும். பால் மரங்களுக்கிடையிலும், மரங்களை வெட்டித் திருத்திய நிலத்திலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டனர். மரவள்ளியை அவித்தும், துருவிப் பிழிந்து மாவாக்கியும், மாவை அடையாகத் தட்டியும் உண்டனர். தேங்காயெண்ணெய் விளக்கு மீண்டும் ஏற்றப்பட்டது. தேங்காயெண்ணெயும் செம்பனை எண்ணெயும் சாம்பல் நீரும் கொண்டு சவர்க்காரம் காய்ச்சினர். கோணிச்சாக்கு ஆடையாயிற்று. உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓயவில்லை. இயந்திரமற்ற உழவர் வாழ்வை விரும்புவோர் கனவு காணும் அத்தனையும் அங்கே இருந்தன.

அதன் மறுபுறம் யாது? மரவள்ளி வயிற்றை நிறைக்கும், உடலை வளர்க்காது. கால் வீங்கும் பெரிபெரி நோயும் ஆறாத புண்ணும் லயந்தோறும் புகுந்தன. மலேரியாவைத் தடுக்க இந்நாட்டில் 1901 முதல் கிள்ளானில் தொடங்கி வடிகால் வெட்டியும் தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தும் பல்லாண்டுகள் நடந்த வேலை கைவிடப்பட்டது. சிறு வடிகால் ஒன்று தூர்ந்தால் ஓர் ஊரே காய்ச்சலில் படுக்கும் நாடு இது. கொயினா கிடைக்கவில்லை. நம் முன்னோர் 'இயற்கையோடு இயைந்து' வாழ்ந்த அந்நாட்களில் குழந்தைகளைப் புதைத்த குழிகளையும் எண்ணிப் பார்ப்பது நன்று. எஞ்சியிருந்த ஆடவரையும் தோட்டத்தில் இருக்க விடவில்லை. 1942-43-இல் ஜப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல்லாயிரவர் திரும்பவில்லை. அப்போது லயத்தில் மரவள்ளிக்கு மண்ணணைத்தவள் யார்? துருவியவள் யார்? சுமந்தவள் யார்? இயந்திரத்தின் வேலை நின்றால் அது காற்றில் கரைந்துபோவதில்லை. பெண்ணின் தோளில் வந்து அமர்கிறது. எளிய வாழ்வைப் பாடுகிற ஆடவர் இதனை ஒருநாளும் மறக்கலாகாது.

அதே காலத்தில், வேண்டுமென்றே அமைக்கப்பட்ட உழவர் குடியிருப்புகளும் இரண்டு தோன்றின. சியோனான் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த சிங்கப்பூரில் உணவு குறையவே, நகர மக்களைக் காட்டுக்கு அனுப்பிப் பயிரிடச் செய்ய 1943-இல் ஜப்பானிய ஆட்சி திட்டமிட்டது. சீனர்க்கு நம் ஜொகூரின் வடகிழக்கிலுள்ள எண்டாவ் வகுக்கப்பட்டது. யூரேசியர்க்கும் கத்தோலிக்கச் சீனர்க்கும் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த பகாவ் வகுக்கப்பட்டது. இரண்டிலும் காட்டை வெட்டிக் குடிசை கட்டி மண்வெட்டியால் பயிரிட்டனர். போனவர் பலர் எழுத்தர், ஆசிரியர், கடைக்காரர்.

எண்டாவில் குடியேறியோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டனர். சீனர் சங்கம் பெரும்பொருள் திரட்டிச் சாலையும் குடிசையும் அமைத்தது. விளைச்சல் வரும்வரை அரிசி அனுப்பப்பட்டது. குடியிருப்பின் உள்நிர்வாகம் பெரும்பாலும் குடியேறியவரிடமே விடப்பட்டது. அங்கும் காய்ச்சல் இருந்தது. காட்டிலிருந்த கெரில்லாப் படையின் தாக்குதலும் இருந்தது. ஆயினும் குடியிருப்பு நிலைத்து நின்றது. பகாவிலோ மண் வளமற்றது, நெல்லுக்கு நீர் போதவில்லை, மருந்து இல்லை, மலேரியா நூற்றுக்கணக்கானவரைக் கொன்றது. அவர்களை நடத்திச் சென்ற ஆயர் அட்ரியன் டெவால்ஸ் தாமும் மண்வெட்டி பிடித்து உழைத்தார். காலில் பட்ட காயத்தின் விளைவாக 1945 ஜனவரியில் மாண்டார். அவருடைய எளிமையில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. நல்ல மண்ணும் மருந்தும் இல்லாதபோது நல்ல உள்ளம் மட்டும் உயிரைக் காப்பதில்லை என்பதே பகாவ் விட்டுச்சென்ற பாடம்.

1945-இல் போர் முடிந்தது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுக் கட்டுகள் ஒரே நாளில் குப்பையாயின. ஆனால் பஞ்ச காலத்தில் காட்டோரத்தில் காய்கறியும் கிழங்கும் பயிரிட்டுப் பிழைத்த சீன உழவர் அங்கேயே இருந்தனர். அவர்கள் நிலத்தைத் திருத்தியிருந்தனர், பட்டா பெற்றிருக்கவில்லை. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படைக்கு இவ்வுழவரிடமிருந்து உணவு போகாதிருக்கும் பொருட்டு, 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டப்படி ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். செனாயிலும் புதுக்கிராமம் உண்டு. நேற்றுவரை நாட்டுக்குச் சோறிட்ட உழவன் இன்று 'அத்துமீறிக் குடியேறியவன்' ஆனான். அவனது எளிய வாழ்வைக் காக்க ஒரு துண்டுத் தாள் இல்லாமற்போனதே காரணம்.

இவ்வளவும் பிறர் சுமத்திய எளிமை. தாமே தெரிந்தெடுத்த எளிமை உலகில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதனையும் நேர்மையோடு எடுத்துக்காட்டுவது நம் கடமை.

ஜொகூரில் மண்ணெண்ணெய் இன்றித் தேங்காயெண்ணெய் விளக்கு எரிந்ததற்குச் சில ஆண்டுகள் முன்பே, இந்தியாவில் வார்தா நகரத்து மகன்வாடியில் தாவர எண்ணெயால் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கைச் செய்து பரப்பினர். அங்கே தலைநின்று உழைத்தவர் தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் கற்றவர்; 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். ஜப்பானியர் மலாயாவை ஆண்ட அதே ஆண்டுகளில் அவர் ஆங்கிலேயர் சிறையிலிருந்து நிலைபேறான பொருளாதாரத்தைப் பற்றி எழுதினார். அந்நூல் 1945-இல் வெளிவந்தது. மண்ணெண்ணெய்க்காகப் பணம் கிராமத்தை விட்டு வெளியேறுகிறது, விதையெண்ணெய் கிராமத்திலேயே இருக்கிறது என்பதே அவ்விளக்கின் பின்னிருந்த கணக்கு. விளக்கு இங்கும் எண்ணெய் விளக்கே, அங்கும் எண்ணெய் விளக்கே. அங்கே அதை ஏற்றியவன் வேண்டாமென்றால் நிறுத்தலாம். இங்கே ஏற்றியவளுக்கு அந்த உரிமை இல்லை.

அமெரிக்காவில் ஆமிஷ் என்றொரு வகுப்பார் இருக்கின்றனர். 1693-இல் சுவிட்சர்லாந்து, அல்சேசுப் பகுதிகளில் யாக்கோப் அம்மன் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறியவர். இன்று அவர் தொகை மூன்று இலட்சத்துக்கு மேல். குதிரை பூட்டி உழுகின்றனர். குதிரை வண்டியில் செல்கின்றனர். பொது மின்கம்பியை வீட்டோடு இணைப்பதில்லை. புதுக்கருவி எதுவாயினும், அது குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து வைக்குமா, பிரித்து வைக்குமா என்று சபை கூடி ஆராய்ந்த பின்னரே ஏற்பர் அல்லது விடுவர். 1910 அளவில் லங்காஸ்டர் பகுதியில் தொலைபேசி பெரும் வழக்காகி, ஒரு பிரிவினர் சபையை விட்டே சென்றனர். பின்னர்ப் பல ஊர்களில் வீட்டுக்குள் அதனை விடாது, வழியோரத்தில் சிறு கொட்டகையில் வைத்துக்கொண்டனர். நோய் வந்தால் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். பெருஞ்செலவை ஊரார் பகிர்ந்துகொள்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களில் உழுபவர் பலர் தம் சொந்த நிலத்தையே உழுகின்றனர்.

இதிலும் மாசு இல்லாமல் இல்லை. அவர்தம் பிள்ளைகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்கிறது. அதற்கு 1972-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இடங்கொடுத்தது. தந்தை தெரிந்தெடுத்த எளிமை மகளுக்கு விதிக்கப்பட்ட எளிமையாகிவிடும் இடம் இதுவே. கல்வியை மறுத்துக் காக்கப்படும் எந்த எளிமையையும் நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் 'இக்கருவி நமக்கு வேண்டுமா?' என்று ஊர் கூடி வினவும் அவ்வழக்கம் நாம் கற்கத்தக்கது.

ஆக, எளிமையை இன்மையிலிருந்து பிரித்தறியக் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. நிலம் யாருடையது? நோய் வந்தால் மருந்து உண்டா? வேண்டுமென்றும் வேண்டாமென்றும் சொல்லும் உரிமை, பெண்ணும் பிள்ளையும் உள்ளிட்ட எல்லோர்க்கும் உண்டா? கங்கார் உழவன் இம்மூன்றிலும் தோற்றான். லயத்துத் தமிழன் மூன்றிலும் தோற்றான். பகாவில் மண்ணும் மருந்தும் இல்லை. காட்டோர உழவனுக்குப் பட்டா இல்லை.

முதற்கேள்விக்கு நம்மவர் ஒருமுறை விடைகாண முயன்றனர் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஐம்பதுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, பல தலைமுறை உழைத்தவர் வீதிக்கு வந்தபோது, வீ. தி. சம்பந்தனார் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் கட்டிய பணத்தால் 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறருக்குப் பால் வெட்டியவர் கூடிப் பங்குதாரரானது நம் வரலாற்றில் சிறிய செய்தியன்று. அவ்வழி இன்னும் அகலமாகச் சென்றிருந்தால், செனாயைச் சூழ்ந்த தோட்டங்கள் தொழிற்பேட்டையாகவும் வீட்டுமனையாகவும் மாறியபோது, விலைபேசும் இருக்கையில் நம்மவரும் அமர்ந்திருப்பர்.

ஆகவே முன்னாளைப் போற்றும் நண்பர்க்கு நாம் சொல்வது இது. ஆட்டுக்கல்லைப் போற்றுமுன், அதை ஆட்டிய கையைக் கேளுங்கள். மரவள்ளியைப் போற்றுமுன், அதை மூன்று வேளையும் உண்டு வீங்கிய காலை எண்ணுங்கள். வீட்டுப்பின்புறத்தில் கீரையும் முருங்கையும் வையுங்கள், கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாப் பொருளை விலக்குங்கள், கடன்பட்டுக் கருவி வாங்காதீர்கள். இவையெல்லாம் நல்ல எளிமை. ஆனால் பிள்ளையின் படிப்பிலும், பெண்ணின் ஓய்விலும், நோயாளியின் மருந்திலும் எளிமை காட்டாதீர்கள். கையில் சேரும் வெள்ளி சிறிதாயினும் முதலில் அது மண்ணாகட்டும். தன் காணியில் நின்று ஒருவன் இயந்திரத்தை வேண்டாமென்றால் அது எளிமை. பிறன் காணியில் நின்று அவ்வாறு சொல்பவனின் சொல்லைக் கேட்பவர் யார்?